பரோட்டா மாஸ்டரின் குழித்த கை

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகிற சந்தில் சாயங்காலம் யாரும் அமைதியாக நடந்துவிட முடியாது. ராஜவேல் மாஸ்டர் கொத்து போட ஆரம்பித்துவிட்டால் ஆட்டோ ஹாரன்கூட அதில் அமுங்கிப்போகும். ஒவ்வொரு பரோட்டா மாஸ்டருக்கும் ஒரு தாளம் உண்டு. இவருடையது இரண்டு நிதானத் தட்டு, மூன்று விரைவுத் தட்டு, பிறகு ஒரு மூச்சு விடுகிற அளவுக்கு நிறுத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் "இன்னிக்கு ராஜவேலு வந்துட்டாரு" என்று பழைய வாடிக்கைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அவர் லீவு போட்ட அன்று பார்சல் வாங்க வந்தவர்கள் பாதிச் சந்திலேயே வேறு ஆளின் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் போனதாக அவரே சொல்வார். கொஞ்சம் மிகைதான். ஆனால் அவரிடம் மறுத்துப் பேசிவிடாதீர்கள், பொசுக்கென்று கோபம் வரும் மனிதர்.

ஆனால் அவர் தலை நிமிர்வது இந்தத் தட்டுக்காக அல்ல. காலை விடிந்ததும் ஒரு முறை, சாயங்காலம் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு முறை, வீட்டில் அவர் இன்னொரு தட்டு தட்டுவார். மகள் சுவேதா இடுப்புக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து, தலை தாழ, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். அவள் முதுகின் இடப்பக்கம், கீழ் விலா எலும்புகளின் மேல், உள்ளங்கையைக் குழித்து டொப் டொப்பென்று தட்டுவார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், "என்ன மாஸ்டர், காலங்காத்தாலயே வூட்டுலயும் கொத்தா?" என்று கேட்டார். "ஆமாங்க, ஸ்பெஷல்" என்று சொல்லிவிட்டு ராஜவேல் உள்ளே வந்து மகளிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்தது, இருமலில் சளி வந்தது. அந்த வீட்டில் அதுதான் நல்ல காலை.

இப்படி ஆவதற்கு முன் அந்த வீடு செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பாதி வீடு செய்கிற தப்புதான் அது.

சுவேதா பால்வாடி போகிற வயதில் அம்மை போட்டு, அது இறங்கியதும் நிமோனியாவாகிப் பிழைத்தவள். பிழைத்தாளே தவிர நெஞ்சுச் சளி விடவே இல்லை. ராஜவேலும் அவர் மனைவி கொளஞ்சியும் சளியோடு யுத்தம் நடத்தினார்கள். வாழைப்பழம் கிடையாது, மோர் கிடையாது, தலைக்குக் குளிப்பது எப்போதாவது. தண்ணீர் குடித்தால் சளி ஊறும் என்று குழந்தை சொம்பைத் தொட்டாலே கொளஞ்சி பிடுங்கிவிடுவாள். இருமல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் தூக்கம் வரவைக்கிற மருந்தாகப் பார்த்து வாங்கி ஊற்றுவார்கள். குழந்தை இருமாமல் தூங்கும். "இப்ப பரவால்ல, சளி வத்திடுச்சு" என்று இருவரும் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் அடுத்த வாரமே காய்ச்சல் வந்தது.

நாலாவது படிக்கும்போது டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் காசநோய் என்று காதைக் கடித்தார்கள். பரிசோதனையில் அது இல்லை என்று வந்தது. பிறகொரு நாள் இருமலில் இரத்தக் கோடு தெரிந்தது. கொளஞ்சி போனில் போட்ட அலறலில் ராஜவேல் கடையில் பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டு ஓடிவந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே டாக்டர் மாலதி ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டிவிட்டு முதலில் கேட்டது, "எவ்வளவு தண்ணி குடிக்கிறா?" என்றுதான். கொளஞ்சி பெருமையாக, "குடுக்கவே மாட்டேன் டாக்டர்" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"சளி எதிரி இல்லீங்க. அது காவலுக்கு இருக்கறது. உங்க மூச்சுக்குழாய்லயும் இருக்கு, எனக்கும் இருக்கு. நாம இழுக்கற தூசி, பொகை, கிருமி எல்லாம் அதுலதான் ஒட்டும். அதுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி முடி நின்னு, மேல மேல தள்ளிக்கிட்டே இருக்கும். தொண்டைக்கு வந்ததும் நமக்கே தெரியாம முழுங்கிடறோம். நாள் முழுக்க இது நடக்குது. உங்க பொண்ணுக்கு அந்த நிமோனியாவுல இடது பக்கம் கீழ குழாய் விரிஞ்சு தளந்துபோச்சு. தள்ளற முடியும் அங்க செத்துப்போச்சு. சளி ஊறுது, ஏற மாட்டேங்குது. தேங்குனா கிருமி சேரும், கிருமி சேந்தா குழாய் இன்னும் கெடும். இதுல நீங்க தண்ணியையும் நிறுத்தி இருமலையும் நிறுத்திட்டீங்க."

ராஜவேல் தன் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அப்ப தண்ணி பத்தாத மாவு மாதிரிங்களா டாக்டர்? மைதாவுல தண்ணி கொறஞ்சா உருண்டை இழுபடாது. வீசுனா கிழியும். போட்ட எடத்துலயே ஒட்டிக்கும்."

"அதேதான். தண்ணி சரியா இருந்தாதான் சளி நகரும். வத்துனா நல்லதுன்னு நெனைச்சீங்க பாருங்க, வத்துனதுதான் கெடுதல்."

வெளியே வந்து மருந்துக் கடை வரிசையில் நின்றபோது ராஜவேல் அழுதார். தினம் தினம் மாவுக்குப் பதம் பார்த்துத் தண்ணீர் விடுகிற தன் கை, சொந்தப் பிள்ளைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் தராமல் இருந்துவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டார். கொளஞ்சி கேன்டீனில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி மகளிடம் கொடுத்தாள். சுவேதா அம்மாவின் முகத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

தட்டக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் சார்லஸ். கலகலப்பான மனிதர். ராஜவேல் ஆர்வத்தில் கையை நீட்டி ஒன்று வைத்தார், குழந்தை 'ஆ' என்று துள்ளியது.

"மாஸ்டர், மாஸ்டர்! அடுக்கி வச்ச பரோட்டாவை ரெண்டு பக்கமும் தட்டி மலத்தறீங்களே, அந்தத் தட்டு வேணாம். கையைக் குழிங்க. தண்ணி மொண்டு குடிக்கற மாதிரி. உள்ள காத்து நிக்கணும். அந்தக் காத்துதான் அதிரும், கை அடிக்கக் கூடாது."

தட்டையான கை சடார் என்று ஓசை விடும், குழித்த கை டொப் என்று விடும். வித்தியாசம் காதுக்குத் தெரிந்ததும் ராஜவேலுக்குக் கை வந்துவிட்டது. சத்தத்தை வைத்து வேலை செய்கிற ஆள் அல்லவா? ஆனால் அவருக்குத் தாளம் இல்லாமல் தட்ட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தன்பாட்டுக்குக் கல்லில் போடுகிற அதே தாளத்துக்குப் போய்விட்டது. இரண்டு நிதானம், மூன்று விரைவு, ஒரு நிறுத்தம். "இப்படித் தட்டலாங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டார். "உங்க பொண்ணுக்குப் புடிச்சிருந்தா எப்படி வேணா தட்டுங்க, கை மட்டும் குழிஞ்சே இருக்கணும்" என்றார் சார்லஸ். தலை தாழப் படுத்திருந்த சுவேதா, "எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

அன்று முதல் அந்த வீட்டில் சளி என்பது மறைத்துப் பேசுகிற சமாச்சாரமாக இல்லை. மற்ற வீடுகளில் மழை வருமா என்று பேசிக்கொள்வது போல இங்கே நிறம் பேசினார்கள். "இன்னிக்கு என்னா?" என்று கடையிலிருந்து ராஜவேல் போன் போடுவார். "வெள்ளைதான்பா, தண்ணியா வருது" என்றால் அன்றைக்கு முட்டைக் கொத்தில் ஒரு முட்டை கூடுதலாக விழும். மஞ்சள் என்றால் முகம் வாடும். பச்சை என்றால் கிருமி முற்றிவிட்டதென்று அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். கொரோனா நேரத்தில் தெருவே அந்த வீட்டு இருமலைக் கேட்டுப் பதறியது. ராஜவேல் சன்னலை மூடினார், தட்டுவதை நிறுத்தவில்லை.

விருத்தாசலத்தில் கொளஞ்சியின் தம்பி இளவரசு, மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தான். ஊர் கூடியிருந்த பந்தலில் சுவேதாவுக்கு இருமல் வந்தது. அவள் வழக்கம்போல சளி துப்புகிற மூடிபோட்ட டப்பாவை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் வேலையை முடித்துவிட்டு வந்தாள். இளவரசு பக்கத்தில் வந்து, "மாமா, வெளியூரு ஜனங்கல்லாம் வந்திருக்காங்க. இவளை வூட்டுக்குள்ள எங்கயாவது போய்த் துப்பச் சொல்லக்கூடாதா? நாளைக்கு இவளுக்கும் ஒரு இடம் பாக்கணுமில்ல" என்று கிசுகிசுத்தான்.

ராஜவேல் கிசுகிசுக்கவில்லை. பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "துப்புறா மச்சான். அதனாலதான் உசுரோட இருக்கா. நல்லாத் துப்புறா என் பொண்ணு."

பந்தியில் பாதிப் பேர் கையை நிறுத்திப் பார்த்தார்கள். கொளஞ்சிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சுவேதா மட்டும் தலை குனியாமல் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் கேட்டாள்.

அவள் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் எடுத்து, கடலூரில் ஒரு கல்லூரியில் கணிதத்தில் இடம் வாங்கினாள். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். ராஜவேல் அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலேயே சால்னா ஊற்றினார். ஆனால் சிதம்பரத்திலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருவது என்பது அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை. ரோடு போடுகிற தூசியும், டீசல் புகையும், படிக்கட்டு வரை நிற்கிற கூட்டமும் சேர்ந்து முதல் இரண்டு மாதத்திலேயே அவளைப் படுக்கையில் போட்டன. வருகைப் பதிவு குறைந்தது. இப்படியே போனால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். படிப்பை விட வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். வேறு வழி இல்லை.

"படிப்பு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ராஜவேல். "ஆஸ்டல்ல உனக்கு யாரு தட்டுவா?"

"நானே பாத்துக்குவேன்பா. சார்லஸ் சார் மூச்சை இழுத்து அடக்கி ஊதறது எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு. நல்லா இருக்கற நாள்ல அதுவே போதும்னாரு."

"நல்லா இல்லாத நாள்ல?"

"அப்ப நான் வேற யார்கிட்டயாவது கேப்பேன்."

"என் கை மாதிரி வருமா?"

இந்தக் கேள்வியில் பயம் பாதி, கர்வம் பாதி. சுவேதாவுக்கு இரண்டும் தெரிந்தது. அப்பாவின் கோபத்தில் கொஞ்சம் அவளுக்கும் வந்திருந்தது.

"உங்க கை மாதிரி வராதுப்பா. அதுக்காக நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு நான் மூச்சு விடக்கூடாதா?"

ராஜவேல் மறுநாள் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு தடவை காய்ச்சல் வந்தாலும், ஒரு தடவை பச்சை என்றாலும், அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதோடு கல்லூரி முடிந்தது. மறைக்கக் கூடாது. சுவேதா "சத்தியமா" என்றாள். பொய் சொல்லாத பெண் என்பதால் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு ராஜவேல் அவளை விடுதியில் சேர்த்தார்.

வீட்டில் விடிந்ததும் அவருக்குக் கைக்கு வேலை இல்லை. அந்தக் கட்டிலின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போவார். கொளஞ்சி பார்த்தும் பார்க்காதது போல டீ போடுவாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கடலூர்ப் பக்கம் புயல் சின்னம் என்றால் நமக்குப் புதிதல்ல. இரண்டு நாள் விடாமல் கொட்டியது, மூன்றாம் நாள் காலையில் ராஜவேல் போன் போட்டார். மகள் 'அப்பா' என்றதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. குரலில் கரகரப்பு இருந்தது.

"என்னா நிறம்?"

"பச்சைப்பா. ராத்திரி காய்ச்சலும் இருந்துச்சு. டாக்டர் மேடத்துக்கு போன் பண்ணி, அவுங்க சொன்ன மாத்திரையை காலையிலயே ஆரம்பிச்சுட்டேன்."

"பெட்டியக் கட்டு. வர்றேன்."

அவ்வளவுதான். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். முட்லூர் தாண்டியதும் ரோட்டில் தண்ணீர் நின்றது. ஆலப்பாக்கம் வரும்வரை பஸ் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. மகள் நெஞ்சின் இடப்பக்கம் கீழே சளி கட்டிக்கொண்டிருப்பதை அவரால் உட்கார்ந்த இடத்திலிருந்தே உணர முடிந்தது. பெற்ற பிள்ளையை அனுப்பியது தன் புத்திகெட்டத்தனம் என்று தன்னையே ஏசிக்கொண்டு வந்தார்.

விடுதிக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ஆண்கள் வாசல் வராந்தாவைத் தாண்டக் கூடாது. காவல் இருந்த அம்மாள் பெயரைக் கேட்டுக்கொண்டு ஒரு பெஞ்சைக் காட்டினார். ராஜவேல் உட்காரவில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது மாடிச் சன்னலிலிருந்து சத்தம் வந்தது.

டொப், டொப். டொப்டொப்டொப். நிறுத்தம்.

ராஜவேல் நிமிர்ந்தார். முதலில் தன் காதுதான் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். மறுபடியும் வந்தது. இரண்டு நிதானம், மூன்று விரைவு, ஒரு மூச்சு விடுகிற அளவுக்கு நிறுத்தம். குழித்த கைதான், சந்தேகமே இல்லை. தட்டைக் கையாக இருந்தால் ஓசை சடாரென்று விழுந்திருக்கும். கொஞ்ச நேரம் போய்க் கை மாறியது. இன்னொரு கை, கொஞ்சம் மெல்லிசு, ஆனால் அதுவும் குழித்த கை. அதே தாளம். பிறகு கண்ணாடியில் ஆவி ஊதுவது போல ஒரு நீண்ட 'ஹா', இன்னொரு 'ஹா', அதற்குப் பிறகு அடிநெஞ்சிலிருந்து கிளம்பிய இருமல். அது அடைத்துக்கொண்ட இருமல் அல்ல. தூக்கிக்கொண்டு வருகிற இருமல். அந்த இருமலை ராஜவேல் ஆயிரம் பேரின் இருமலில் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுவார்.

"வந்துடுச்சாடி?" என்று ஒரு பெண் குரல்.

"வந்துடுச்சு!"

மாடியில் யாரோ கைதட்டினார்கள். காவல் அம்மாள் அலுத்துக்கொண்டு, "அப்பப்ப இதே கூத்துதாங்க. அந்தப் பொண்ணுக்கு முறை போட்டுத் தட்டுறாளுங்க" என்றார். ராஜவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

சுவேதா இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் பெட்டி இருந்தது. கூடவே பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சுவேதாவின் அறைத்தோழி அருள்மொழி, தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"கட்டிட்டேன்பா" என்றாள் சுவேதா. "சொன்னா சொன்னதுதான். வர்றேன்."

பெட்டியைக் கீழே வைத்தாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால்கூட ராஜவேல் சமாளித்திருப்பார்.

அருள்மொழிக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமா, நாங்க சரியாத்தான் தட்டுறோம். நீங்க வேணா பாருங்க" என்று உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். விரல்கள் சேர்ந்திருந்தன, கட்டைவிரல் ஒட்டியிருந்தது, நடுவில் காற்று நிற்க இடம் இருந்தது. ராஜவேல் அதில் குற்றம் தேடினார். உண்மையாகவே தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை.

"இந்தத் தாளம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"இவதான் மாமா. வேற மாதிரி தட்டுனா இவளுக்கு ஆவாதாம். முதல் நாளே பிடிவாதம். இப்ப எங்களுக்கே வேற மாதிரி தட்ட வரல."

ராஜவேல் மகளைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் இப்ப எவ்வளவு?"

"எறங்குது."

"டாக்டர் மேடம் என்னா சொன்னாங்க?"

"ரெண்டு நாள் பாக்கச் சொன்னாங்க. எறங்கலன்னா அட்மிட் ஆகணும்னாங்க. இங்க பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலதான்பா இருக்கு."

அவர் குனிந்து பெட்டியைத் தூக்கினார். கனம் அதிகம், பாதிக்குமேல் கணக்குப் புத்தகம். ஒரு நிமிடம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அருள்மொழியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மேல கொண்டு போம்மா. கனமா இருக்கு, நீயே தூக்கு. அவளைத் தூக்க வுடாத."

சுவேதா பேச வாயெடுத்தாள், அழுகை வந்தது, அழுகையில் இருமல் வந்தது. அருள்மொழி பெட்டியை அப்படியே விட்டுவிட்டு டப்பாவை நீட்டினாள். ராஜவேலின் கை தன்னால் எழுந்தது. ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணின் கை சுவேதாவின் முதுகில், சரியான இடத்தில் விழுந்துவிட்டது. அவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் பெருமைதான் ஜாஸ்தி.

சாயங்காலம் சிதம்பரம் திரும்புகிற பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர், பரங்கிப்பேட்டைக்காரர், பேச்சுக் கொடுத்தார். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். மகளைப் பார்க்க என்றார் ராஜவேல். மகள் என்ன செய்கிறாள் என்று பெரியவர் கேட்டார்.

ராஜவேல் முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

"கடலூர்ல கணக்கு படிக்கிறா" என்றார். "நல்லாத் துப்புறா."

பெரியவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு சன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தார். ராஜவேல் அதைக் கவனிக்கவே இல்லை.